கிட்டார் இல்லாத பேண்டின் முதல் பெரிய ஆல்பம்: கீன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு காலையில் வீட்டில் நாலைந்து பேருக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் நான் அடிக்கடி போடும் ஆல்பம், கீன் என்கிற இங்கிலாந்து பேண்டின் 'ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்'. 2004 மே 10 அன்று வெளியானது. மாணவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் நொந்ததுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே ஒரேயடியாக எழுதிவிட்டேன்.

கீன்னா யாரு? எத்தனை பேரு?

ஆல்பம் வந்தபோது மூன்று பேர். பாடுவது டாம் சாப்ளின். பியானோ டிம் ரைஸ்-ஆக்ஸ்லி. பாட்டுகள் பெரும்பாலும் பிறப்பதும் அவர் விரலில்தான். டிரம்ஸ் ரிச்சர்ட் ஹியூஸ். அன்றைக்கு மூவருக்கும் வயது 25க்கும் 28க்கும் இடையில்.

ஊர், தென்கிழக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் சஸெக்ஸில் உள்ள பேட்டில். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த இடத்தில் எழுந்த சிற்றூர், அதனால் ஊர்ப் பெயரே 'சண்டை'. பாட்டுகள் என்னவோ அதற்கு நேர்மாறான சாது. பேண்டின் பெயர், சின்ன வயதில் இவர்களுக்குப் பழக்கமான ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர்.

மேஜர் லேபிள், மேஜர் லேபிள்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

நமக்கு ஆல்பம் என்றாலே படத்தின் பாட்டுகள்தான் நினைவுக்கு வரும். படம் பாட்டை இழுத்துக்கொண்டு போகும். அங்கே படம் கிடையாது. பேண்டே பாட்டை எழுதி, வாசித்து, பாடி, அதை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும். அதற்கான பணமும், கடைகளில் வைக்கும் பலமும், வானொலிக்காரர்களிடம் செல்வாக்கும் உள்ள பெரிய இசை நிறுவனங்கள்தான் மேஜர் லேபிள்கள். 2004 தொடக்கத்தில் அப்படி ஐந்து இருந்தன: யுனிவர்சல், சோனி, பி.எம்.ஜி., ஈ.எம்.ஐ., வார்னர். அதே வருஷம் சோனியும் பி.எம்.ஜி.யும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

கீன் போய்ச் சேர்ந்தது ஐலண்ட் ரெக்கார்ட்ஸில். கிறிஸ் பிளாக்வெல் 1959இல் ஜமைக்காவில் தொடங்கிய லேபிள் அது. பாப் மார்லியையும் யு2வையும் உலகத்துக்குக் கொண்டுபோனது அதுதான். கீன் சேர்ந்தபோது அது யுனிவர்சலின் கையில் இருந்தது.

அப்போ இதுதான் இவங்களோட முதல் ரிலீஸா?

முதல் முழு ஆல்பம் இதுதான். முதல் வெளியீடு இது இல்லை. 2000இல் 'கால் மீ வாட் யூ லைக்' என்ற சிங்கிளை, அதாவது ஆல்பமாக இல்லாமல் தனியாக விற்கும் பாட்டை, சொந்தக் காசில் போட்டார்கள். 500 பிரதிகள். வாசித்த பப்களிலேயே கையோடு விற்றார்கள். அடுத்த வருஷம் 'வுல்ஃப் அட் தி டோர்', வெறும் 50 பிரதிகள். ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுத்தாலே அதைவிட அதிகம் போகும்.

இந்த இரண்டு சிங்கிள்களிலும் கிட்டார் உண்டு. அந்தக் கதை கொஞ்சம் கீழே வருகிறது.

ஒரே வருஷத்துல திடீர்னு எங்கேருந்தோ வந்தாங்கன்னு படிச்சேனே?

பத்திரிகைக்காரர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். 2004 ஜனவரியில், இந்த வருஷம் யார் மேலே வருவார்கள் என்று பிபிசி போடும் பட்டியலில் கீன்தான் முதலிடம். பிப்ரவரியில் 'சம்வேர் ஒன்லி வீ நோ' வந்து பிரிட்டனின் வாராந்தர விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. மே மாதம் ஆல்பம். இதை மட்டும் பார்த்தால் நாலு மாதக் கதை.

ஆனால் இவர்கள் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தது 1995இல். அப்போது யு2, ஓயசிஸ், பீட்டில்ஸ் பாட்டுகளை வாசித்துப் பழகினார்கள். டாம் பின்னால்தான் வந்து சேர்ந்தார். கீன் என்ற பெயரில் முதல் மேடை 1998 ஜூலையில், லண்டன் இஸ்லிங்டனில் உள்ள ஹோப் அண்ட் ஆங்கர் என்ற பப்பில். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்துக்கொண்டிருந்த டாம், படிப்பைப் பாதியில் விட்டு 1999இல் லண்டன் வந்தார். ஒன்பது வருஷக் கணக்கு இது. அதில் பெரும்பகுதி எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்காத வருஷங்கள்.

நிஜமாவே கிட்டார் ஒண்ணுகூட இல்லையா? எனக்குக் கேக்குதே!

இதுதான் அதிகம் வரும் கேள்வி. உங்கள் காது தப்பு செய்யவில்லை, பெயர்தான் மாறிப்போகிறது. பாட்டு முழுக்கத் தடதடவென்று பின்னால் ஓடும் அந்த ரிதம், வேறு பேண்டாக இருந்தால் கிட்டார்க்காரர் வலது கையால் போட்டிருப்பார். இங்கே அதைப் போடுவது பியானோ. அதே இடம், அதே வேலை, வாத்தியம் மட்டும் வேறு. அதனால்தான் மனசு அதைக் கிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறது.

'சம்வேர் ஒன்லி வீ நோ' தொடக்கத்தை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். கார்டை (சேர்த்து அழுத்தும் சில சுரங்களை) அழுத்திப் பிடித்து ஓடவிடும், மெதுவான பாட்டுக்குரிய வாசிப்பு அதில் இல்லை. ஒரே கார்டைச் சீராக, ஒரு தாளத்துக்கு இரண்டு அடி வீதம், சுத்தியல் மாதிரி அடித்துக்கொண்டே போகிறார். என் மாணவர்கள் இதை முதல் தடவை வாசிக்கும்போது ஒரு நிமிஷத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்பார்கள். கிட்டார்க்காரர்களின் வலி அது. பியானோக்காரருக்கு வந்துவிட்டது.

கிட்டாரே வேண்டாம்னு முன்னாடியே முடிவு பண்ணித்தான் ஆரம்பிச்சாங்களா?

இல்லவே இல்லை. டொமினிக் ஸ்காட் என்ற கிட்டார்க்காரர் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தார். பள்ளிக்கூடத்து நண்பர். 2001 ஜூலையில் அவர் விலகினார். மேலே சொன்ன 50 பிரதி சிங்கிள் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. சண்டை, பிரிவினை மாதிரி பரபரப்பான கதை எதுவும் கிடையாது. ஆறு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை, படிப்பைப் பார்க்கலாம் என்று போனார். யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள்.

மீதி மூன்று பேர் கையில் ஒரு குரல், ஒரு பியானோ, ஒரு டிரம்ஸ். அந்தக் காலத்து லண்டன் பப் மேடையில் இதை ராக் பேண்ட் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். ஸ்ட்ரோக்ஸ் மாதிரி கிட்டார் பேண்டுகள் வரிசையாக மேலே வந்துகொண்டிருந்த சமயம் அது.

அப்புறம் ஏன் வேற ஒரு கிட்டார்க்காரரைச் சேத்துக்கல?

பாட்டு எழுதுகிறவர் பியானோவில் எழுதுகிறார் என்பதை முதலில் மனசில் வையுங்கள். கிட்டார் இருந்த காலத்தில் டிம் எழுதியது கிட்டாருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றிருக்கும். கிட்டார் போனதும் அந்த இடம் காலியாகக் கிடந்தது. புது ஆளைத் தேடி அலைவதைவிட அந்த இடத்தைப் பியானோவையே நிரப்பச் சொல்லிப் பார்ப்பது சுலபம்.

அப்புறம், இவர்கள் சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். ஆறு வருஷம் கூட இருந்தவரின் நாற்காலியில் விளம்பரம் போட்டு ஆள் எடுத்து உட்காரவைப்பது அவ்வளவு எளிதா என்ன? இது என் ஊகம்தான். ஆனால் இந்த ஆல்பத்தின் பாட்டுகளில் பாதி, கூட இருந்தவர்கள் விலகிப் போவதைப் பற்றித்தான் பேசுகிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

ரெக்கார்டிங் பிரான்ஸ்லயா, இங்கிலாந்துலயா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

இரண்டும் சரி, காலம்தான் வேறு. டொமினிக் போன கையோடு, 2001இல், ஜேம்ஸ் சேங்கர் என்ற தயாரிப்பாளர் தன் ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார். பிரான்ஸில், லெஸ் எஸ்ஸார் என்ற கிராமப்புறத்தில் இருந்தது அது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அங்கே வேலை. சேங்கர் கம்ப்யூட்டரும் சிந்தசைசரும் தெரிந்த ஆள். கிட்டார் விட்டுப்போன ஓட்டையைப் பியானோவோடு எலக்ட்ரானிக் சத்தங்களும் சேர்ந்து அடைக்கும் என்ற யோசனை அங்கேதான் உருப்பெற்றது. 'திஸ் இஸ் தி லாஸ்ட் டைம்' பாட்டின் எழுத்துரிமையில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

ஐலண்டோடு ஒப்பந்தம் ஆன பிறகு ஆல்பத்தின் முக்கியப் பதிவு நடந்தது ஈஸ்ட் சஸெக்ஸிலேயே, ரை என்ற பழைய ஊர்ப் பக்கம் இருந்த ஹீலியோசென்ட்ரிக் ஸ்டூடியோவில். பேட்டிலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பெரிய கம்பெனி கையில் கிடைத்ததும் லாஸ் ஏஞ்சலீஸுக்கு விமானம் ஏறாமல், சைக்கிள் மிதித்தால் போய்விடும் தூரத்தில் உட்கார்ந்து முடித்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அந்த பியானோ சவுண்டு ஏன் சாதா பியானோ மாதிரி இல்ல? கொஞ்சம் கம்பி அடிக்கிற மாதிரி இருக்கு.

டிம்மின் வாத்தியம் யமஹா சிபி-70. 1970களில் வந்த எலக்ட்ரிக் கிராண்டு பியானோ. பெயரில் எலக்ட்ரிக் இருக்கிறதே, பட்டனைத் தட்டினால் சத்தம் மாறும் கீபோர்டு என்று நினைத்துவிடாதீர்கள். மூடியைத் திறந்தால் உள்ளே நிஜக் கம்பிகள், நிஜச் சுத்தியல்கள். சாதாரண பியானோவில் கம்பியின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கும் மரப்பலகை ஒன்று இருக்கும். சிபி-70இல் அது இல்லை. அதற்குப் பதிலாகக் கம்பிகள் உட்காரும் பாலத்தடியில் பிக்அப்புகள். அவை அதிர்வை மின்சாரமாக்கி, எலக்ட்ரிக் கிட்டார் மாதிரியே ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகின்றன. ஒயர் வழியாக வருவதால் நடுவில் எக்கோவோ டிஸ்டார்ஷனோ எது வேண்டுமானாலும் செருகலாம். 'பியானோ கிட்டாரின் வேலையைச் செய்கிறது' என்று மேலே சொன்னேனே, அதற்கு இந்த ஒயர்தான் காரணம்.

கம்பி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பெட்டியைச் சுருக்குவதற்காகக் கீழ்ஸ்தாயிக் கம்பிகளைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். நீளம் குறைந்த தடிமனான கம்பி சுத்தமாக முழங்காது, ஓரத்தில் ஒரு உலோகக் கணகணப்பு ஒட்டிக்கொண்டே வரும். பெரிய கச்சேரி பியானோவின் பக்கத்தில் வைத்தால் அது குறைதான். டிரம்ஸ் முழங்கும் மேடையில் அந்தக் கணகணப்புதான் பியானோவைப் பின்னால் அமுங்கிவிடாமல் காப்பாற்றுகிறது.

88க்குப் பதில் 73 கட்டைகள். எடுத்துப்போகும்போது கட்டைப் பகுதி தனி, கம்பிப் பகுதி தனி என்று இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்தாலும் இரண்டு பேர் மூச்சுவாங்கித் தூக்க வேண்டும், மொத்த எடை நூறு கிலோவுக்கு மேல். நிஜக் கம்பி என்பதால் ஊர் மாற மாறச் சுருதியும் சேர்க்க வேண்டும். இதைத் தூக்கிக்கொண்டு பப் பப்பாக அலைந்திருக்கிறார்கள்.

பெரிய கம்பெனி எப்படி இவங்களைக் கண்டுபிடிச்சுது?

கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. 2002 டிசம்பரில் லண்டன் ஃபாரிங்டன் பகுதியில் பெட்சி ட்ராட்வுட் என்ற சின்ன பப்பில் வாசித்தார்கள். கேட்க வந்தவர்களில் ஒருவர் சைமன் வில்லியம்ஸ். இசைப் பத்திரிகையாளராக இருந்து ஃபியர்ஸ் பாண்டா என்ற குட்டி லேபிளை நடத்தியவர். புது பேண்டுகளை ஒரு சிங்கிள் போட்டுப் பார்த்துவிட்டு, பெரிய கம்பெனிக்கு வழி விட்டுவிடுவது அந்த லேபிளின் பழக்கம். பின்னால் உலகப் புகழ் பெற்ற கோல்ட்ப்ளே பேண்டின் ஆரம்ப சிங்கிள் ஒன்றும் 1999இல் அங்கிருந்துதான் வந்தது.

2003 மே மாதம் 'எவ்ரிபடிஸ் சேஞ்சிங்' ஃபியர்ஸ் பாண்டாவில் வெளியானது. விற்பனை பெரிதாக இல்லை. ஆனால் காதில் விழ வேண்டியவர்கள் காதில் விழுந்தது. பல கம்பெனிகள் விரட்ட, அந்தக் கோடையில் ஐலண்ட் கையெழுத்து வாங்கியது. 'திஸ் இஸ் தி லாஸ்ட் டைம்' மட்டும் சொன்ன சொல்லுக்காக ஃபியர்ஸ் பாண்டாவிலேயே அக்டோபரில் வந்தது.

'எவ்ரிபடிஸ் சேஞ்சிங்' 2003ன்னு ஒரு இடத்துல, 2004ன்னு ஒரு இடத்துல போட்டிருக்கே?

இரண்டு தடவை வந்தது. முதலில் மேலே சொன்ன ஃபியர்ஸ் பாண்டா சிங்கிள். அடுத்து 2004 மே 3, ஐலண்டின் சார்பில், ஆல்பத்துக்கு ஒரு வாரம் முன்னால். முதல் தடவை யாரும் சீந்தாத அதே பாட்டு இரண்டாம் தடவை நான்காம் இடம் போனது. மேஜர் லேபிள் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உதாரணம் இது.

கோல்ட்ப்ளேல சேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாமே, கதையா நிஜமா?

நிஜம். டிம் படித்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில். கோல்ட்ப்ளே உருவானதும் அங்கேதான். டிம் பியானோ வாசிப்பதைக் கேட்ட கோல்ட்ப்ளே பாடகர் கிறிஸ் மார்ட்டின், தன் பேண்டில் கீபோர்டு வாசிக்க வரச் சொன்னார். டிம்முக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் கீன் அப்போதே ஓடிக்கொண்டிருந்ததால் போகவில்லை.

அதனால் 'கோல்ட்ப்ளேயைக் காப்பி அடிச்சாங்க' என்பது கொஞ்சம் அவசரத் தீர்ப்பு. இரண்டு பேண்டும் அதே லண்டனில், ஒரே கல்லூரி வட்டத்தில், ஒரே மாதிரியான பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவை. ஜாடை இருக்கத்தான் செய்யும். கோல்ட்ப்ளேயின் பெரும்பாலான பாட்டுகளில் கிட்டார் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பணக்கார வீட்டுப் பசங்க, அப்பா காசுல வந்தவங்கன்னு சொல்றாங்களே?

படித்தது கென்டில் உள்ள டான்பிரிட்ஜ் பள்ளியில். கட்டணம் அதிகமுள்ள பழைய தனியார் பள்ளி. டாமின் அப்பாவே இன்னொரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியர். வசதியான பின்னணிதான், இவர்களும் மறைத்ததில்லை. பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் அதை வைத்து வருஷக் கணக்கில் கிண்டலடித்தன. ராக் பாடுகிறவன் தொழிலாளி வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று அந்த ஊரில் ஒரு எழுதாத சட்டம்.

வசதி இருந்ததால் ஆறேழு வருஷம் தாக்குப்பிடிக்க முடிந்தது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். வசதி இருந்ததால் பாட்டு நன்றாக வந்தது என்றால் மட்டும், மேலே சொன்ன அந்த 50 பிரதியை நினைத்துப் பாருங்கள்.

ப்ரொட்யூசர் யாரு? அவர்தான் பணம் போட்டவரா?

சினிமாப் பழக்கத்தில் வரும் குழப்பம். அங்கே பணம் போடுவது லேபிள். ப்ரொட்யூசர் என்பவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எந்த டேக் சரி, எங்கே டிரம்ஸ் உள்ளே வரணும், குரல் எவ்வளவு நெருக்கமாகக் கேட்கணும் என்று பார்ப்பவர். இயக்குநர் என்று வைத்துக்கொண்டால் ஓரளவு பொருந்தும். இந்த ஆல்பத்தில் அந்த வேலையைச் செய்தவர் ஆண்டி கிரீன், பேண்டும் சேர்ந்தே செய்தது. மிக்ஸிங் மார்க் 'ஸ்பைக்' ஸ்டென்ட். மடோனா, பியோர்க் போன்றவர்களுக்கு வேலை செய்தவர்.

கம்பெனி கொடுக்கிற அட்வான்ஸ் அப்படியே பேண்டுக்கா?

கையெழுத்துப் போட்டதும் ஒரு தொகை வரும். அது சம்பளமும் இல்லை, பரிசும் இல்லை. ஆல்பம் விற்று பேண்டுக்கு வரவேண்டிய ராயல்டியிலிருந்து அந்தத் தொகை முழுக்கக் கழியும்வரை கைக்கு எதுவும் வராது. ஸ்டூடியோ செலவும் வழக்கமாக அந்தக் கணக்கில்தான் ஏறும். ஆல்பம் ஓடாவிட்டால் வீட்டு வாசலுக்கு வந்து கேட்க மாட்டார்கள், ஆனால் அடுத்த ஆல்பம் சந்தேகம். மேஜர் லேபிள் ஒப்பந்தங்களின் பொதுவான நடைமுறை இது.

கீன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாட்டுகளின் மூலம் பெரும்பாலும் டிம்தான் என்றாலும் எழுத்துரிமையில் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. பாட்டை எழுதியவருக்கு வரும் பணம் தனி வழியில், தொடர்ந்து வருவது. பல பேண்டுகள் உடைந்ததே அந்தப் பங்குச் சண்டையில்.

ஆல்பம் பேரு எந்தப் பாட்டுல வருது? எல்லாப் பாட்டும் கேட்டேன், காணோம்.

காணோம் என்பதுதான் சரியான விடை! அது ஆல்பத்தில் இல்லாத பாட்டு. 'ஸ்னோட் அண்டர்' என்று பெயர், 'சம்வேர் ஒன்லி வீ நோ' சிங்கிளின் பி-சைடு. இசைத்தட்டுக் காலத்தில் சிங்கிளின் மறுபக்கம் ஒரு பாட்டு வைப்பார்கள். சிடிக்கு மறுபக்கம் கிடையாது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பேட்டிலில் சின்னப் பிள்ளைகளாக இவர்கள் விளையாடிய மான்சர்ஸ் ஷா என்ற இடத்தின் பெயரும் அந்தப் பாட்டில் வருகிறது. பெயர் கொடுத்த பாட்டையே வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் அங்கே இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அப்போ 'சம்வேர் ஒன்லி வீ நோ' சொல்ற இடம் அந்த மான்சர்ஸ் ஷாதானா?

ரசிகர்கள் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள், பேட்டிலுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. டிம்மின் பதில் வழவழா கொழகொழா ரகம்: அது ஒரு இடமாகவும் இருக்கலாம், ஒரு உணர்வாகவும் இருக்கலாம், கேட்கிறவர் எடுத்துக்கொள்வதைப் பொறுத்தது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். சொந்த ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தப் பாட்டில் ஒரு ஆற்றங்கரையோ பம்புசெட்டோ தெரிந்தால் அதுவும் சரிதான் என்றாகிறது.

2013இல் லில்லி ஆலன் ஒரு கிறிஸ்துமஸ் விளம்பரத்துக்காக இதையே மெல்லப் பாடி, அது பிரிட்டனில் முதலிடம் போனது. ரீல்ஸில் பெண் குரலில் கேட்டிருந்தால் அது அவர்.

மேடையில மூணு பேர்தானே, அந்த அடிநாதம் எங்கேருந்து வருது? ஏமாத்து வேலையா?

பேஸையும் சில பின்னணிச் சத்தங்களையும் அப்போது லேப்டாப்பிலிருந்து ஓடவிட்டார்கள். ரிச்சர்ட் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பதைப் பழைய வீடியோக்களில் பார்க்கலாம். கம்ப்யூட்டர் ஓடும் வேகத்தைக் காதில் கேட்டுக்கொண்டே வாசித்தால்தான் இரண்டும் பிசகாமல் போகும். ஒரு பாட்டின் நடுவில் வேகம் கொஞ்சம் ஏறிவிட்டால் மனிதர் மனிதருக்கு விட்டுக்கொடுப்பார், லேப்டாப் விட்டுக்கொடுக்காது.

ஏமாத்து என்று நான் சொல்ல மாட்டேன், குரலும் பியானோவும் டிரம்ஸும் நேரடிதான். ஆனால் அந்தக் குறை அவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். பின்னாளில் ஜெஸ்ஸி க்வின் வந்து பேஸ் வாசித்து, 2011இல் நான்காவது ஆளாகவே ஆகிவிட்டார். 2008 ஆல்பத்தில் கிட்டாரும் திரும்பி வந்தது.

கடைசியில எவ்வளவு வித்துது? விருது கிருது?

வந்த வாரமே பிரிட்டனில் முதலிடம். பிரிட்டனில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல். 2004இல் அங்கே அதிகம் விற்ற ஆல்பங்களில் இரண்டாவது. முதலிடம் சிஸ்ஸர் சிஸ்டர்ஸுக்கு. பெரும்பாலும் சிடியாக விற்றது; ஐட்யூன்ஸ் கடை பிரிட்டனில் திறந்ததே இந்த ஆல்பம் வந்து ஒரு மாதம் கழித்துத்தான்.

2005 பிரிட் விருதுகளில் சிறந்த ஆல்பம், சிறந்த புதுமுகம் இரண்டும். மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது, ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் தட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கிட்டார் பேண்ட்!

கம்பெனி புகுந்து சவுண்டை ரொம்ப மழுமழுன்னு ஆக்கிட்டாங்கன்னு ஒரு பேச்சு இருக்கே?

மழுமழு என்பதில் உண்மை இருக்கிறது. டாமின் குரல் எப்போதும் முன்னால், எல்லா ஓரமும் தேய்க்கப்பட்டிருக்கிறது. சில பாட்டுகளில் இன்னும் கொஞ்சம் அழுக்கு இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கே தோன்றும். 2006இல் வந்த 'அண்டர் தி அயர்ன் சீ' ஆல்பத்தில் பியானோவைப் பெடல்களில் போட்டு உறுமவிட்டார்கள், அதைக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

ஆனால் கம்பெனியைக் குறை சொல்லுமுன் காலவரிசையைப் பாருங்கள். பியானோவும் எலக்ட்ரானிக்கும் கலந்த அந்த சவுண்டு 2001 பிரான்ஸில் முளைத்தது. ஆல்பத்தின் இரண்டு முக்கியப் பாட்டுகள் ஐலண்டில் வருமுன்னரே ஃபியர்ஸ் பாண்டா வழியாக வெளியுலகம் கேட்டவை. கம்பெனி வந்தபோது வீடு கட்டி முடிந்திருந்தது. அவர்கள் வெள்ளையடித்தார்கள், தெருவிளக்குப் போட்டார்கள், ஊரைக் கூப்பிட்டார்கள்.

டொமினிக் போகாம இருந்திருந்தா?

நல்ல கிட்டார் பேண்டாக இருந்திருப்பார்கள். அந்த வருஷங்களில் லண்டனில் நல்ல கிட்டார் பேண்டுகள் தெருவுக்கு நாலு.

என் கீபோர்டுல அந்த சவுண்டு வருமா?

வரும், கிட்டத்தட்ட. ஜெனரல் மிடி (கீபோர்டு டோன்களுக்கான பொது வரிசை) என்று போட்டிருக்கும் கீபோர்டில், அந்த வரிசையில் மூன்றாவது டோன் 'எலக்ட்ரிக் கிராண்டு பியானோ'. சிபி-70 குடும்பத்தைப் பார்த்துச் செய்ததுதான் அது. வாங்கின நாளிலிருந்து யாரும் தொடாத டோன், ஏனென்றால் பக்கத்திலேயே முதலாவதாக அழகான கிராண்டு பியானோ இருக்கிறது. மூன்றை வையுங்கள், ரிவெர்பைப் பாதிக்குக் குறையுங்கள், சஸ்டெய்ன் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வலது கையில் ஏ மேஜர் கார்டைப் பிடித்து, ஒரு தாளத்துக்கு இரண்டு வீதம் சீராக அடியுங்கள். எட்டாவது அடியில் வேகம் தானாக ஏறப் பார்க்கும், ஏறவிடாதீர்கள். முழங்கையிலிருந்து அடிக்காமல் மணிக்கட்டைத் தளர்த்தி அடித்தால் ஒரு பாட்டு முழுக்கத் தாங்கும்.